ஈய இட்டலி

மில்லிக்கன்,
15.9.1996

அன்புள்ள தம்பி அன்புராசாவுக்கு,

நான் சுகம். மகள் துர்க்கா சுகம். உன் அத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. ஆகையால் உன் சுகத்தை இந்தமுறை கடைசியில்தான் விசாரிப்பேன்.

நேற்றுக் காலை பேஸ்மன்றைத் துப்புரவாக்க இறங்கினோம். துர்க்காவுக்கு இது மூன்றாம் மாதம். பங்குனியில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொன்று, முப்பத்தோராம் நாள் துடக்கு, கழியும்வரை தாயும் பிள்ளையும் இங்கேதான் இருக்கப்போகிறார்கள். மேலே ஒரு அறையில் நாங்கள், மற்றதில் வாடகைக்கு இரண்டு பெடியள். கீழே நீ இருந்த அறைதான் மிச்சம். அந்த அறையை விட்டு நீ போய்விட்டாய், உன் ஈயம் போகவில்லை. நாலு வாளி, மூன்று பால் பெட்டி. ரயர்க்கடையில் வேலை செய்த ஐந்து வருடமும் கார்ச் சில்லுகளில் சமநிலைக்குப் பூட்டி, பிறகு கழற்றிப் போடுகிற ஈயத்துண்டெல்லாம் பொறுக்கி வந்து, கராஜில் உருக்கி, சன்னம் வார்த்து, ஸ்ரௌவ்விலுக்கு அங்காலே உள்ள துவக்குச் சுடுகிற கிளப்பில் போய் மட்டையைச் சுட்டாய். நாங்கள் வெடிச்சத்தம் வேண்டாமென்று ஓடி வந்த சனம். நீ சந்தா கட்டி அந்தச் சத்தத்தைக் கேட்கிறாய். சரி, அது உன் விசர். துவக்கைச் சட்பரிக்குக் கொண்டுபோகத் தெரிந்தவனுக்கு ஈயத்தைக் கொண்டுபோகத் தெரியவில்லையா?

ஒரு வாளியைத் தள்ளிவைப்போம் என்றேன். "உதென்ன பெரிய பாரமே, நீ அங்கால நில்" என்று சொல்லிக்கொண்டு இவர் தூக்கினார். பிடி கையோடு வந்தது, வாளி காலோடு போனது. பெருவிரல் இப்போது கத்தரிக்காய் நிறம். "உன்ர தம்பியின்ர கலியாணத்துக்கு நான் சப்பாத்துப் போடமாட்டன்" என்று கத்துகிறார். "அவன் கட்டினாத்தானே" என்றேன். அதற்கும் எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

இந்த மாதக் கடைசிக்குள் வந்து எடு. போனில் சொன்னால் "லைன் கிளியரில்லை அக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது.

இனிச் சொல்லு, நீ சுகமா? சமைத்துச் சாப்பிடுகிறாயா, அல்லது ரின்னை உடைத்துக்கொண்டு இருக்கிறாயா?

கோபத்தோடு அக்கா,
யோகமலர்


சட்பரி,
29.9.1996

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். அத்தானின் விரலுக்கு ஐஸ் வைத்தீர்களா? பிடியால் தூக்கக்கூடாது என்று ஒவ்வொரு மூடியிலும் எழுதியிருக்கிறேனே, அதை ஒருவரும் வாசிக்கவில்லையா?

இங்கே நான் இன்னொரு பெடியனோடு ஒரு அறையில் இருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே அவனுடைய சாமான். அறுநூறு இறாத்தல் ஈயத்தை எங்கே வைப்பது? ஈஸ்ரர் முடிய பேனாட் அண்ணையின் வான் வண்டியில் வந்து எடுக்கிறேன். அவரும் எங்கள் கிளப்தானே, பாதியை அவரே வாங்குவார்.

அதுவரை நீங்கள் தயவுசெய்து அதைக் கலக்கவேண்டாம். சில்லில் கொழுவி அடிக்கிற துண்டுகள் கடின ஈயம், ஒட்டுகிற துண்டுகளும் பைப் துண்டுகளும் மெது ஈயம். இரண்டும் சேர்ந்தால் சன்னம் சரிவராது, ஐந்து வருடத்து வேலை வீண். "க" என்று எழுதியது கடினம், "மெ" என்றால் மெது. வெறும் சீமெந்தில் வைக்காமல் பலகை போட்டு வையுங்கள். ஈரம் படக்கூடாது, மூடி வையுங்கள். உருக்கும்போது ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும். அரிசிமூட்டை, வெங்காயம் ஒன்றும் பக்கத்தில் வேண்டாம். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். துர்க்காவை மட்டும் அதற்குக் கிட்ட விடாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈயம் கூடவே கூடாது.

அவளுக்கு இந்த மாமா கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் பிரஷருக்கு மருந்து ஒழுங்காய்ப் போடுங்கள்.

தம்பி,
அன்புராசா


மில்லிக்கன்,
13.10.1996

அன்புள்ள தம்பிக்கு,

இவருடைய நகம் விழுந்துவிட்டது. மற்றப்படி வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நீயும் இரு.

ஈஸ்ரர் முடியவாம்! பிள்ளை பங்குனியில் வருகிறது, மாமன் சித்திரையில் வருவாராம். அதுவரை பிள்ளையை எங்கே கிடத்த, உன் வாளிக்குள்ளேயா?

ஆத்திரத்தில் நானே இறங்கினேன். மூன்று நாள் முறிந்தேன். பழைய கட்டில் பலகையை இரண்டாய் அறுப்பித்து, படிக்குக் கீழே போட்டு, அதிலே அடுக்கினேன். நீ எழுதின "க"வும் "மெ"யும் பாதி அழிந்துபோச்சு. நான் நகத்தால் கீறிப் பார்த்தேன். கீறு விழுந்தது மெது, விழாதது கடினம். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இது காணும்தானே? கடினத்துக்குச் சிவப்புத் துணி, மெதுவுக்கு இவருடைய பழைய சாரம். துண்டுகள் வாளியோடு சுவர்ப்பக்கம், கட்டிகள் முன்பக்கம், பத்துப் பத்தாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நிற்கின்றன. இனிக் குறை சொன்னாயோ, முழுவதையும் பனிக்குள்ளே எறிவேன்.

ஒன்று கேட்கவேண்டும். பால் பெட்டிக்குள் இருந்த கட்டியெல்லாம் ஏன் இட்டலி மாதிரி இருக்கிறது? எண்ணிப் பார்த்தேன், நூற்று எழுபத்துமூன்று இட்டலி. இந்த அச்சை எந்தக் கடையில் வாங்கினாய்? இந்த நாட்டுச் சனங்களும் இட்டலி தின்னத் தொடங்கிவிட்டார்களா? நான் ஒன்றை எடுத்துக் கோப்பையில் வைத்து, மேலே சாம்பாரும் விட்டு இவருக்கு முன்னால் வைத்தேன். மனுசன் ரிவியைப் பார்த்தபடி கரண்டியால் குத்தினார். கரண்டி வளைந்தது. ஒரு சிரிப்புமில்லை, "மலர், உளுந்து காணாது" என்றார். கோபத்திலும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

துப்புரவாக்கினதில் கண்ட ஒரே லாபம், அம்மா கொழும்பிலிருந்து கொண்டுவந்த அலுமினிய இட்டலித் தட்டு, துளையில்லாதது. நான் ஸ்ரீல் சட்டி வாங்கின காலம் பேப்பரில் சுற்றிக் கீழே வைத்து மறந்துபோனேன். சுற்றின பேப்பரோடு அப்படியே இருந்தது. கொஞ்சம் கறுத்திருந்தது, புளி போட்டுத் தேய்த்து, ரூஜில் இருக்கிற துர்க்காவின் வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இப்போது இட்டலியைத் தவிர ஒன்றும் வயிற்றில் நிற்கிறதில்லை. காலையும் அதுதான், பின்னேரமும் அதுதான். "அம்மம்மான்ர தட்டில் சுட்டா பஞ்சு மாதிரி வருது" என்கிறாள்.

உடனே பதில் போடு. குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கு.

அக்கா,
யோகமலர்


சட்பரி,
24.11.1996

அன்பான அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை கூட, அதனால் எழுதப் பிந்திவிட்டது.

பேனாட் அண்ணை வந்துபோனார். அவரிடம் ஒரு ஸ்ரீல் இட்டலிச் சட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன், புதிது, துர்க்காவுக்கு. பழைய அலுமினியப் பாத்திரத்தில் புளித்த மாவை வேகவைத்துச் சாப்பிடுவது உடம்புக்குக் கூடாது என்று இங்கே ஒருவர் சொன்னார். அதனால் அந்தப் பழைய தட்டை எறிந்துவிடச் சொல்லுங்கள். நீங்களும் பாவிக்கவேண்டாம்.

ஈயம் அடுக்கினது மிகவும் நல்லது. துர்க்கா எப்படி இருக்கிறாள்?

தம்பி,
அன்புராசா


மில்லிக்கன்,
2.12.1996

அன்புள்ள டொக்டர் அன்புராசாவுக்கு,

உங்களுடைய தங்கமான தேகம் எப்படி? எங்களுடையது பனி தள்ளித் தள்ளி முறிந்துபோய் இருக்கிறது.

ஆறு கிழமை. நான் ஈயத்தை எப்போது எடுப்பாய் என்று கேட்டேன். ஆறு கிழமை கழித்து இட்டலிச் சட்டி வருகிறது! நான் ஒரு தாலிக்கொடி கேட்டிருந்தால் குடை அனுப்பியிருப்பாய் போல.

பேனாட் அண்ணை வாசலில் நின்றபடியே தந்தார். "தங்கச்சி, உவன் என்னத்துக்கு இவ்வளவு அவசரப்படுறான்? பழசைக் கண்ணுக்கு முன்னால எறியச் சொல்லிப் பாத்திட்டு வரட்டாம்" என்றார். "ஏன் அண்ணை, தட்டில பேய் இருக்கோ?" என்றேன். அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

நாங்கள் எல்லோரும் அலுமினியத்தில் தின்று வளர்ந்த ஆட்கள். நீ மற்றவர்களை விட இரண்டு கூடத் தின்றாய். இப்போது சட்பரிக்குப் போனவுடன் அம்மாவின் தட்டு உனக்குக் கூடாததாய்ப் போய்விட்டதோ? எனக்குச் சரியான கோபம். துர்க்காவிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். "மாமாக்கு வயசு போகுது, அம்மா" என்றாள். உன் புதுச் சட்டி துளை துளையாய் இருக்கிறது, மாவெல்லாம் கீழே வடிகிறது. அதை நான் வைத்துக்கொண்டேன். அவள் பழையதைத்தான் பாவிக்கிறாள்.

ஈயத்துக்கு ஒரு நாள் சொல். சும்மா சுகம் கேட்டு எழுதாதே.

அக்கா,
யோகமலர்


சட்பரி,
28.12.1996

அன்பான அக்காவுக்கு,

அனைவருக்கும் புதுவருட வாழ்த்துகள். அத்தானின் நகம் முளைத்துவிட்டதா?

அக்கா, நான் சொன்னதைப் பகிடியாக எடுக்கவேண்டாம். துர்க்கா அந்தத் தட்டைப் பாவிக்கிறதை நிறுத்திவிட்டாளா? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள். நிறுத்தவில்லை என்றால் நீங்கள் போய் வாங்கி நெளித்து எறிந்துவிடுங்கள். நான் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தம்பி,
அன்பு


மில்லிக்கன்,
8.1.1997

தம்பிக்கு,

வாழ்த்து மட்டை கிடைத்தது. நாங்கள் சுகம். நீதான் சுகமில்லை என்று எனக்குப் படுகிறது.

ஓம் அல்லது இல்லை என்று கேட்க நீ என்ன கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்தா? சரி, எழுதுகிறேன். இல்லை. அவள் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரூஜுக்குப் போனேன். வயிறு நல்லாய்த் தெரிகிறது. அடுப்பில் அந்தத் தட்டுத்தான். எனக்கும் நாலு வைத்தாள், தின்றேன். மருமகனுக்கு ஆறு.

நீ ஒரு நாளும் ஒன்றுக்கும் கும்பிட்ட ஆள் இல்லை. கோயிலிலேயே கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறவன். ஒரு தட்டுக்காக என்னைக் கும்பிடுகிறாய் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. இவரிடம் காட்டினேன். மூன்று கடிதத்தையும் வரிசையாய் வைத்து வாசித்துவிட்டு, "உவன் என்னவோ மறைக்கிறான்" என்றார்.

நான் படிக்காதவள். சுற்றி வளைத்து எழுதினால் எனக்கு விளங்காது. அந்தத் தட்டில் என்ன? நேராக எழுது.

அக்கா


சட்பரி,
14.1.1997

அன்பான அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்கு முகமில்லை.

நீங்கள் அச்சை எங்கே வாங்கினாய் என்று கேட்டீர்கள். நான் வாங்கவில்லை. அந்தத் தட்டில்தான் ஈயத்தை ஊற்றினேன். போன வருடத்துக்கு முதல் வருடம், மாரிகாலம். உருக்கின ஈயத்தைக் கட்டியாக்கி வைக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. கீழே பெட்டிக்குள் அது சும்மா கிடந்தது, துளையுமில்லை. நீங்கள் இனி எடுக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். அந்த மாரியும் அடுத்த மாரியும் அதிலேதான் வார்த்தேன். பிறகு நல்லாய்க் கழுவி, அம்மாவின் சாமான் என்று எறிய மனமில்லாமல், அதே பேப்பரில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

உங்களுடைய கடிதம் ஒக்ரோபர் பதினெட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை வந்தது. வாசித்த உடனேயே எனக்குத் தெரியும். போனை எடுத்தேன், வைத்தேன். கழுவினதுதானே, ஒன்றும் இராது என்று நினைத்தேன். பிறகு புதுச் சட்டி வாங்கிக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாமலே சரியாகிவிடும் என்று நினைத்தேன். அத்தான் என்னை வீட்டுப் படி ஏற விடமாட்டார் என்ற பயம். துர்க்கா என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற பயம்.

உடனே டொக்டரிடம் கொண்டுபோங்கள். இரத்தத்தில் ஈயம் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

அன்பு


மில்லிக்கன்,
21.1.1997

அன்புராசாவுக்கு,

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. கோட்டுப் போடவும் மறந்து காரில் ஏறினேன். துர்க்கா மா அரைத்து வைத்திருந்தாள். மாவைச் சிங்கில் ஊற்றினேன், தட்டைப் பிடுங்கினேன். "அம்மாக்கு விசரோ?" என்று கேட்டாள். நான் அவளுக்குச் சொன்னேன். உனக்குச் சொல்ல எண்பத்தெட்டு நாள் பிடித்ததை நான் சப்பாத்தோடு குசினியில் நின்றபடி சொன்னேன்.

ஓம், எண்ணினேன். ஒக்ரோபர் பதினெட்டு முதல் ஜனவரி பதினாலு வரை, கலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். எண்பத்தெட்டு. காலையும் பின்னேரமும்.

நேற்று டொக்டரிடம் போனோம். தட்டையும் உன்னுடைய ஈய இட்டலி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். டொக்டர் இங்கிலிசில் "இது என்ன?" என்று கேட்டார். எனக்கு வந்த இங்கிலிசு, "மை பிறதர்" மட்டும்தான். துர்க்காதான் எல்லாம் விளங்கப்படுத்தினாள். டொக்டர் அந்த ஈயத்தை எடுத்துத் தட்டின் குழியில் வைத்தார். அது கச்சிதமாய்ப் போய் உட்கார்ந்தது. அதுவரை என் பிள்ளை அழவில்லை. அது உட்கார்ந்ததைக் கண்டபிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரத்தம் எடுத்தார்கள். மருமகனுக்கும் எடுத்தார்கள். எனக்கும்தான்.

அரிசிமூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதே என்று எழுதத் தெரிந்தது உனக்கு. பிள்ளைத்தாய்ச்சியைக் கிட்ட விடாதே என்று எழுதத் தெரிந்தது. கடினம் வேறு, மெது வேறு, கலந்தால் ஐந்து வருட வேலை வீணாம்! தட்டில் ஈயம் ஊற்றியிருக்கிறேன் என்ற ஒரு வரி எழுதத் தெரியவில்லை. துர்க்கா பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டில் தாய்மாமன் என்று தலையில் பாலறுகு வைத்தவன் நீ. அந்தக் கையாலேதான் "பழைய அலுமினியம் கூடாது" என்று பொய் எழுதினாய்.

தட்டில் ஊற்றினது பிழை. அதற்கு உன்னை நாலு ஏச்சு ஏசி, ஒரு மாதம் கதைக்காமல் விட்டிருப்பேன். எடுத்துத் துர்க்காவிடம் கொடுத்தவள் நான்தானே. அந்த ஈயத்தைக் கோப்பையில் வைத்துப் பகிடி விட்டவள் நான்தானே. தெரியாமல் செய்தேன். நீ தெரிந்துகொண்டு இருந்தாய்.

பேனாட் அண்ணையைக் கூப்பிட்டு உன் ஈயம் முழுவதையும் வானில் ஏற்றிவிட்டேன். அவர் ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "உவன் இட்டலித் தட்டிலயோ ஊத்தினவன்? கேக் சுடுற தகரத் தட்டுக் கடை கடையாக் கிடக்கு, அதை வாங்கேலாதோ? அதையும் பேந்து குசினிப் பக்கம் கொண்டுபோகப்படாதெண்டு கிளப்பில சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே" என்றார். பேஸ்மன்றை மூன்று தரம் கழுவினேன். ஈரத்துணியாலே துடை, கூட்டாதே என்று டொக்டர் சொன்னபடியே செய்தேன்.

போன் எடுக்காதே. இவர் எடுத்தால் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியாது.

யோகமலர்


சட்பரி,
16.2.1997

அக்காவுக்கு,

நாலு தரம் போன் எடுத்தேன். அத்தான் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். பேனாட் அண்ணையிடம் கேட்டேன், ரிசல்ற் வந்ததோ தெரியாது என்கிறார்.

எனக்கு நித்திரை இல்லை. வேலையில் இரண்டு தரம் பிழைவிட்டு ஏச்சு வாங்கினேன். கிளப்பை விட்டுவிட்டேன். துவக்கையும் கொடுத்துவிட்டேன். ஈயம் எனக்கு வேண்டாம், பேனாட் அண்ணையே வைத்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். எந்த எண் என்றாலும் பரவாயில்லை. தெரியாமல் இருக்கிறதுதான் ஏலாமல் இருக்கிறது.

துர்க்காவைக் கேட்டதாகச் சொல்லவேண்டாம். அவளைச் சுகமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு


மில்லிக்கன்,
24.3.1997

அன்புராசாவுக்கு,

மார்ச் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, துர்க்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆறு இறாத்தல், நாலு அவுன்ஸ். தாய் சுகம். பிள்ளைக்கு உன் மூக்கு, பாவம் அது. பால் குடிக்கும்போது யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற மாதிரிக் குடிக்கிறது. நீ இருந்த அறையில்தான் இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள். சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்தோம், நிலத்துக்குப் புதுக் கார்ப்பெற் போட்டோம்.

பிறந்த அன்றே பிள்ளையின் தொப்புள்கொடியில் இரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ற் வந்தது. எவ்வளவு என்று எனக்குத் தெரியும், துர்க்காவுக்குத் தெரியும், இவருக்கும் மருமகனுக்கும் தெரியும். உனக்கு எழுதமாட்டேன்.

தெரியாமல் இருக்க ஏலாது என்று எழுதியிருந்தாய். எண்பத்தெட்டு நாள் நாங்கள் ஒன்றும் தெரியாமல் இருந்தோம். நீயும் இருந்து பார். இன்றிலிருந்து எண்பத்தெட்டாம் நாள் ஜூன் இருபது. கலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன். அன்றைக்கு எழுதுவேன், அதற்கு முன்னால் ஒரு சொல்லும் வராது. பேனாட் அண்ணைக்கும் சொல்லவில்லை, அவரைக் கரைச்சல்படுத்தாதே. துர்க்காவிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன்.

முப்பத்தொன்றுக்கு உன்னைக் கூப்பிடவில்லை.

யோகமலர்


மில்லிக்கன்,
2.4.1997

தம்பிக்கு,

ஜூன் இருபது என்று எழுதினேன். இன்றைக்கு ஒன்பதாம் நாள்.

துர்க்காவின் இரத்தத்தில் தை மாதம் ஈயம் பதினாலு. பிள்ளை பிறக்கும்போது ஒன்பதாய் இறங்கிவிட்டது. பிள்ளைக்கு ஏழு. பத்துக்குக் கீழே என்றபடியால் மருந்து ஒன்றும் வேண்டாமாம். ஆறாம் மாதமும் ஒரு வயதிலும் திரும்பப் பார்ப்பார்களாம். மருமகனுக்கும் எனக்கும் பயப்பட ஒன்றுமில்லை. "ஏழு நல்லதோ, கூடாதோ?" என்று துர்க்காவைக் கொண்டு கேட்பித்தேன். "பூச்சியம்தான் நல்லது" என்றாராம் டொக்டர். ஆகவே நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்போம், பிள்ளை பிந்தி நடந்தால் அதனாலேயோ, பிந்திக் கதைத்தால் அதனாலேயோ என்று.

நான் எழுதினபடியால் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. கூடிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இவ்வளவு நாளும், நீ பயத்தில் வாயைத் திறக்காமல் விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். ஒரு தரம் பயந்து, ஒரு தரம் வாயை மூடி, அது அப்படியே கிடந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த ஒன்பது நாளும் நானும் வாயை மூடிப் பார்த்தேன். அது அப்படிக் கிடக்கவில்லை. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது நீ அங்கே என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் என்று வந்துவிடுகிறது. பிள்ளையைக் குளிக்கவார்க்கும்போது வருகிறது. முத்திரை மேசை லாச்சிக்குள் இருக்கிறது, கடிதப்பெட்டி சந்தியில் இருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் எழும்பி, இன்றைக்கும் சொல்லுவதில்லை என்று புதிதாய் நினைக்கவேண்டியிருக்கிறது. உன்மேல் இவ்வளவு கோபத்தோடும் ஒன்பது நாளுக்கு மேல் என்னால் முடியவில்லை.

என் பிள்ளைமேல் உனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. நீ அதை எண்பத்தெட்டுத் தரம் செய்திருக்கிறாய்.

யோகமலர்